மோர் பெட்டரும் மச் பெட்டரும்

பல வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறேன். ‘மோர் பெட்டர்’ என்று எழுதிய ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் அந்த ‘மோர்’ மேல் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒரு வட்டத்துக்கு ரெண்டு விநாடி ஆகுமா? அந்த ரெண்டு விநாடி வேலையைப் பற்றி மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் குறிப்பு. ஒப்பீட்டு வாக்கியங்களை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது பற்றிய விமர்சனம் என்றும் வைத்துக்கொள்ளலாம். விமர்சிக்கப்படுகிறவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பெண் நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். குடும்பத்தைப் பற்றித் தோழிக்குக் கடிதம் மாதிரி பத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு வாக்கியம்: ‘மை மதர் இஸ் மோர் பெட்டர் நௌ.’ வழக்கம்போல வட்டம். வகுப்பு முடிந்ததும் தாளோடு வந்து நின்றாள்.

“சார், மோர் போடக்கூடாதுன்னு புரியுது. ‘மை மதர் இஸ் பெட்டர் நௌ’ன்னு மட்டும் எழுதினா, எங்க அம்மாவுக்கு எவ்வளவு சரியாச்சுன்னு எப்படி சார் தெரியும்?”

“மச் பெட்டர்னு போடும்மா.”

“மச்னா ரொம்பவா சார்? அவ்வளவு இல்ல சார். ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப கொஞ்சம் தேவலையா இருந்தாங்க. இப்ப அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் தேவலை. அதத்தான் மோர்னு எழுதினேன்.”

நான் தப்பு என்று அடித்த சொல்லில் ஒரு செய்தி இருந்திருக்கிறது. ஏற்கெனவே கொஞ்சம் தேறியிருந்தார், இப்போது அதிலிருந்தும் ஒரு படி. அவள் மனதில் இருந்த ‘இன்னும்’ என்ற சொல்தான் ‘மோர்’ ஆகியிருக்கிறது. நான் வட்டம் போட்டு இலக்கணத்தைக் காப்பாற்றினேன், செய்தி போய்விட்டது. பதிலுக்கு நான் கொடுத்த ‘மச் பெட்டர்’ இலக்கணப்படி சரி, அவள் அம்மாவைப் பொறுத்தவரை பொய். ‘அ லிட்டில் பெட்டர் ஸ்டில்’ என்றோ ‘ஈவன் பெட்டர்’ என்றோ சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் எந்த வகுப்பிலும் நான் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. காரணம் எளிது: எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் படித்த புத்தகத்தில் மூன்று கட்டம் போட்ட பட்டியல்தான் இருந்தது. குட், பெட்டர், பெஸ்ட். டால், டாலர், டாலஸ்ட்.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் ஊரில் ‘டிகிரிஸ் ஆஃப் கம்பாரிசன்’ என்றால் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது டிகிரி மாற்றும் கணக்கு. ரென் அண்ட் மார்ட்டின் காலத்துப் பயிற்சி அது. ‘சூப்பர்லேட்டிவ்’ கொடுத்தால் ‘கம்பாரட்டிவ்’ ஆக்கு, அதையே ‘பாசிட்டிவ்’ ஆக்கு. ‘தி பிக்கெஸ்ட்’ வந்தால் ‘பிக்கர் தேன் எனி அதர்’, பிறகு ‘நோ அதர்... ஆஸ் பிக் ஆஸ்’. ‘ஒன் ஆஃப் தி பிக்கெஸ்ட்’ வந்தால் ‘பிக்கர் தேன் மெனி அதர்’, பிறகு ‘வெரி ஃப்யூ... ஆஸ் பிக் ஆஸ்’. அல்ஜீப்ரா மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போய் எழுதினால் மார்க் நிச்சயம். அர்த்தம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. நானே அப்படித்தான் மார்க் வாங்கினேன்.

இதில் எனக்கு இரண்டு புகார். முதலாவது, மூன்று வாக்கியமும் ஒரே அர்த்தம் என்று பயிற்சி சொல்கிறது. ‘பிக்கெஸ்ட்’ வரிசைக்கு அது ஏறத்தாழ சரி. ‘ஒன் ஆஃப் தி பிக்கெஸ்ட்’ வரிசைக்கு இல்லவே இல்லை. நூறு ஊர் இருக்கிறது, நம் ஊர் நாற்பதாவது இடம் என்று வையுங்கள். அது அறுபது ஊரைவிடப் பெரியது. ஆகவே ‘பிக்கர் தேன் மெனி அதர் டவுன்ஸ்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘ஒன் ஆஃப் தி பிக்கெஸ்ட்’ என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். இரண்டும் ஒன்று என்று எழுதுகிற பிள்ளைக்கு மார்க் போடுகிறோம், ‘மோர் பெட்டர்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு வட்டம் போடுகிறோம். எது பெரிய தப்பு?

இரண்டாவது புகார்தான் முக்கியமானது. ஒப்பிடும்போது நாம் ரெண்டு விஷயம் சொல்கிறோம். எது மேல், எவ்வளவு மேல். மூன்று கட்டப் பட்டியல் முதல் விஷயத்தை மட்டும் கற்றுக்கொடுக்கிறது. ரெண்டாவதுக்கு அதில் இடமே கிடையாது. ஆனால் வாழ்க்கையில் பெரும்பாலும் ரெண்டாவதுதான் கேள்வி. பக்கத்துக் கடையில் தக்காளி விலை ஜாஸ்தி என்று யாராவது சொன்னால் உடனே “எவ்வளவு ஜாஸ்தி?” என்றுதான் கேட்போம். ரெண்டு ரூபாய் என்றால் நடக்கமாட்டோம், இருபது ரூபாய் என்றால் நடப்போம். நோயாளிக்கு மூச்சுத்திணறல் கூடியிருக்கிறது என்று இரவு ஷிஃப்ட் நர்ஸ் காலை ஷிஃப்ட் நர்ஸிடம் சொல்லும்போது ‘வர்ஸ்’ என்ற சொல் மட்டும் போதாது. ‘ஸ்லைட்லி வர்ஸ்’ என்றால் ஒரு மாதிரி, ‘மச் வர்ஸ்’ என்றால் டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டும். அந்த முன்னொட்டுச் சொல்தான் அங்கே உயிர். அதைத்தான் நாம் பாடத்தில் விட்டுவிட்டோம்.

சரி, பிள்ளைகள் ஏன் குறிப்பாக ‘வெரி பெட்டர்’, ‘மோர் பெட்டர்’ என்று போகிறார்கள்?

தமிழில் ஒப்பிடும்போது பெயரடை மாறுவதில்லை. ‘உயரம்’ எப்போதும் உயரம்தான். ‘அவன் உயரம்’, ‘அவன் என்னைவிட உயரம்’, ‘எல்லாரையும்விட அவன்தான் உயரம்’. ஒப்பீட்டு வேலை முழுவதையும் ‘விட’ பார்த்துக்கொள்கிறது. இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருளே ஒப்பீடுதான். இதைக் காட்டிலும் இது இப்படிப்பட்டது என்பது. நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெம்மை, முதுமை, இளமை என்று எவற்றையெல்லாம் ஒப்பிடலாம் என்று ஒரு நீண்ட பட்டியலும் தருகிறது. அவ்வளவுக்கும் ‘இன்’ என்ற ஒரே உருபு. குறுந்தொகை மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் நிலத்தையும் வானத்தையும் கடலையும் வைத்து ஒரு நட்பை அளக்கிறாரே, அங்கேயும் ‘இனும்’ என்பது பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டி நிற்கிறது. பெருமையைச் சொல்லும் சொல்லுக்கு ஒப்பீட்டு விகுதி எதுவும் கிடையாது. திராவிட மொழிகள் எதிலும் ஐரோப்பிய மொழிகள் மாதிரி பெயரடையோடு ஒட்டும் ஒப்பீட்டு விகுதி இல்லை என்பதைக் கால்டுவெல் 1856இல் வந்த ஒப்பிலக்கணத்திலேயே சொல்லிவிட்டார்.

ஆகவே நமக்கு ‘நல்ல’ என்பதும் ‘பெட்டர்’ என்பதும் ஒரே ஜாதிச் சொல்லாகத்தான் காதில் விழுகிறது. தமிழுக்குள் வந்துவிட்ட ‘பெட்டர்’ எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். “இது பெட்டர்”, “இது அதைவிட பெட்டர்”, “இது ரொம்ப பெட்டர்”, “இன்னும் பெட்டரா பண்ணலாம்.” தமிழ் வாக்கியத்தில் இவை எதுவும் தப்பில்லை. நம் வீட்டுக்கு வந்த சொல் நம் வீட்டு வழக்கப்படிதான் நடக்கும். சிக்கல் என்னவென்றால், அதே வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது ‘ரொம்ப’ என்பது ‘வெரி’ ஆகிறது, ‘இன்னும்’ என்பது ‘மோர்’ ஆகிறது. வெரி பெட்டர். மோர் பெட்டர். பிள்ளை முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ரெண்டு தப்பையும் நாம் ஒரே தராசில் வைத்து அடிக்கிறோம். அதுவும் சரியில்லை. இங்கேதான் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

‘மோர் பெட்டர்’ ஷேக்ஸ்பியரில் இருக்கிறது. ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் பிராஸ்பெரோ தன் மகளிடம் பேசும்போது வரும். ‘கிங் லியர்’ முதல் காட்சியில் ‘வொர்தியர்’ என்ற சொல்லுக்கு முன்னாலும் ஒரு ‘மோர்’ உண்டு. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆன்டனி பேசும் இரங்கல் உரையை நம்மில் எத்தனையோ பேர் மனப்பாடம் செய்திருக்கிறோம். புரூட்டஸ் குத்திய குத்தை அவன் வர்ணிக்கும் இடத்தில் ‘அன்கைண்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘மோஸ்ட்’, பின்னால் ‘எஸ்ட்’, ரெண்டும் போட்டிருக்கும். அதை எழுதிய தாள் என் கைக்கு வந்திருந்தால் வட்டம் போட்டிருப்பேன். 1611 ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 26ஆம் அதிகாரத்தில், அகிரிப்பா ராஜா முன்னால் பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும் இடம். ‘ஸ்ட்ரெயிட்டஸ்ட்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘மோஸ்ட்’. 1881இல் திருத்திய பதிப்பு வெளியிட்டபோது சத்தமில்லாமல் அந்த ‘மோஸ்ட்’டை எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பென் ஜான்சன். ஷேக்ஸ்பியரின் சமகாலத்தவர். அவர் ஒரு ஆங்கில இலக்கணமும் எழுதினார். 1637இல் இறந்துபோனார், இலக்கணம் 1640இல்தான் அச்சானது. அதில் இந்த இரட்டை ஒப்பீட்டை அவர் தப்பு என்று சொல்லவில்லை. அழுத்தத்துக்காகப் பழைய கிரேக்கர்கள் பேசிய மாதிரி, ஆங்கிலத்தின் ஒரு அழகு என்று பாராட்டுகிறார். பாராட்டும் அந்த வாக்கியத்திலேயே கிரேக்கர்களின் தொன்மையைச் சொல்ல ‘ஏன்ஷியன்ட்’ என்ற சொல்லுக்கு ‘மோஸ்ட்’டும் போட்டு ‘எஸ்ட்’டும் போட்டுக் காட்டிவிடுகிறார். குறும்புதான்.

பிறகு எப்படி இது தப்பாயிற்று? 1762இல் ராபர்ட் லௌத் ஒரு சின்ன இலக்கணப் புத்தகம் எழுதினார். பாதிரியார்; பிற்காலத்தில் லண்டன் பிஷப் ஆனவர். இரட்டை ஒப்பீடு முறையல்ல என்று அதில் எழுதினார். ஷேக்ஸ்பியரிலிருந்தும் பைபிளிலிருந்தும் உதாரணம் எடுத்துத் தப்பு கண்டுபிடிப்பது அவர் வழக்கம், துணிச்சலான ஆள்தான். ஒரே ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தார். பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளைச் சொல்லும்போது ‘ஹையஸ்ட்’ என்பதற்கு முன்னால் ‘மோஸ்ட்’ வருவதை அவர் மன்னித்துவிட்டார். உயர்ந்தவற்றுக்கெல்லாம் உயர்ந்தவருக்கு அப்படிச் சொன்னால் பொருத்தம்தானே என்று. 1795இல் லிண்ட்லி மரே எழுதிய பள்ளி இலக்கணம் இதே விதியை எடுத்துக்கொண்டது. அந்தப் புத்தகம் விற்ற விற்பனைக்கு விதி ஊரெல்லாம் பரவியது.

விதி வருவதற்கு முன்னால் உள்ளே நுழைந்துவிட்ட சில சொற்களை யாராலும் வெளியே அனுப்ப முடியவில்லை. ‘லெஸ்’ ஏற்கெனவே ஒப்பீட்டுச் சொல். அதன் மேல் இன்னொரு ‘எர்’ போட்டதுதான் ‘லெஸ்ஸர்’. இன்றைக்கு நாரைக்கும் கொக்குக்கும்கூட அது பெயரில் இருக்கிறது. ‘லெஸ்ஸர் ஃப்ளமிங்கோ’ என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ‘நியர்’ கதை இன்னும் வேடிக்கை. ‘நை’ என்பதுதான் ‘பக்கம்’ என்ற அர்த்தத்தில் மூலச்சொல். அதன் ஒப்பீட்டு வடிவம்தான் ‘நியர்’, உச்ச வடிவம் ‘நெக்ஸ்ட்’. மூலம் மறந்துபோய் ‘நியர்’ சாதாரணச் சொல்லாகி, அதற்கு மேலே ‘எர்’ போட்டு ‘நியரர்’ ஆயிற்று. அதாவது ‘நியரர்’ என்று சரியாக எழுதும் ஒவ்வொருவரும் ஒரு பழைய ‘மோர் பெட்டர்’ஐத்தான் எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் ‘பெட்டர்’ என்பதைச் சாதாரணச் சொல்லாகக் கேட்டு மேலே ‘மோர்’ வைக்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் ‘நியர்’ விஷயத்தில் செய்தது அதேதான். அவர்களுக்கு அகராதியில் இடம், நமக்கு வட்டம்.

இதைச் சொல்வதால் ‘மோர் பெட்டர்’ என்று எழுதலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய பொது ஆங்கிலத்தில் அது தப்பு. இன்டர்வியூவில் சொன்னால் எதிரில் இருப்பவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார். ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார் சார் என்று அங்கே வாதாட முடியாது. என் புகார் தப்பைத் தப்பு என்று சொல்வதில் இல்லை. தப்பின் குணம் தெரியாமல் அடிப்பதில்தான். ‘மோர் பெட்டர்’ ஆங்கிலத்தின் உள்ளேயே பிறந்து, வளர்ந்து, பிறகு ஜாதியை விட்டுத் தள்ளிவைக்கப்பட்ட பிள்ளை. இன்றும் ஆங்கிலம் தாய்மொழியான ஊர்களின் வட்டார வழக்குகளில் கேட்கலாம். ‘வெரி பெட்டர்’ அப்படி இல்லை. அது வேற்று மொழியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவது. முதலாவதைத் திருத்த ‘இந்தக் காலத்தில் இப்படி எழுதுவதில்லை’ என்று சொன்னால் போதும். ரெண்டாவதைத் திருத்த ஏன் என்று விளக்க வேண்டும்.

அந்த ‘ஏன்’ உண்மையில் கஷ்டமில்லை. வயதை விசாரிக்க ‘ஹௌ ஓல்ட்’ என்கிறோம். உன்னைவிட அண்ணன் எவ்வளவு பெரியவன் என்று விசாரிக்க ‘ஹௌ ஓல்டர்’ என்று வராது. ‘ஹௌ மச் ஓல்டர்’. ‘ஹௌ’ மட்டும் வரும் இடத்தில் ‘வெரி’ வரும். ‘ஹௌ மச்’ வரும் இடத்தில் ‘மச்’ வரும். அவ்வளவுதான் சூத்திரம். அந்த இடம் அளவுக்கான இடம். ‘டூ இயர்ஸ் ஓல்டர்’, ‘த்ரீ இன்ச்சஸ் டாலர்’ என்று எண்ணும் அங்கேதான் உட்காரும். எண் தெரியாதபோது அதே நாற்காலியில் ‘மச்’, ‘ஃபார்’, ‘அ லாட்’, ‘அ லிட்டில்’, ‘அ பிட்’, ‘ஸ்லைட்லி’ உட்காருகின்றன. ‘வெரி’ அளவுச் சொல் அல்ல, அதனால் அதற்கு அந்த நாற்காலி இல்லை. ஆனால் ‘வெரி மச் பெட்டர்’ என்றால் சரி. அங்கே ‘வெரி’ தாங்கிப்பிடிப்பது ‘மச்’சை, ‘பெட்டர்’ஐ அல்ல. உச்ச வடிவத்துக்கு வந்தால் ‘தி வெரி பெஸ்ட்’ என்று ‘வெரி’ மறுபடியும் உள்ளே வந்துவிடும். அது தனிக் கதை. ‘பை ஃபார் தி பெஸ்ட்’ என்பதும் அப்படியே, இப்போதைக்கு விடுவோம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதை எந்தக் கதவு வழியாகச் சொல்லிக்கொடுப்பது? இத்தனை நாள் நாம் ‘ரொம்ப’ என்ற கதவைத் திறந்துவைத்தோம். திறந்ததும் ‘வெரி’தான் உள்ளே வரும். வேறு கதவு ஒன்று இருக்கிறது. ‘எவ்வளவோ’. “அந்த ஆஸ்பத்திரிக்கு இது எவ்வளவோ மேல்.” “பெரியவனுக்குச் சின்னவன் எவ்வளவோ தேவலை.” ‘ரொம்ப’ எங்கே வேண்டுமானாலும் வரும்: ரொம்பக் குளிர், ரொம்ப நல்லவன். ‘எவ்வளவோ’ அப்படி வராது. “அவன் எவ்வளவோ நல்லவன்” என்று யாராவது சொன்னால், யாரைவிட என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். ஒப்பீடு அதற்குள்ளேயே இருக்கிறது. சொல்லுக்குள்ளே ‘அளவு’ம் இருக்கிறது பாருங்கள். ‘மச்’, ‘ஃபார்’ இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ‘தேவலை’. அந்தப் பெண் தன் வாயாலேயே சொன்ன சொல். தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு வடிவம் கிடையாது என்று மேலே எழுதினேனே, ‘தேவலை’ ஏறக்குறைய ‘பெட்டர்’தான். “உடம்பு இப்ப தேவலையா?” என்று கேட்டால் நேற்றைக்கு இன்று எப்படி என்றுதான் அர்த்தம். நோயே வராதவனிடம் அதைக் கேட்கமுடியாது. கொஞ்சம் தேவலை, எவ்வளவோ தேவலை, இன்னும் கொஞ்சம் தேவலை. மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று வேறு வாக்கியம்: ‘அ லிட்டில் பெட்டர்’, ‘மச் பெட்டர்’, ‘அ லிட்டில் பெட்டர் ஸ்டில்’. வீட்டில் அம்மாவைப் பற்றி ஃபோனில் விசாரிக்கிற எல்லாரிடமும் அவள் இந்த மூன்றையும் சரியாக, இடம் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஒப்பீட்டின் அளவு தெரியாத பிள்ளை இல்லை அது. அதை ஆங்கிலத்தில் வைக்க நாற்காலி எங்கே என்று நான் காட்டவில்லை.

‘இன்னும்’ பற்றி ஒரு வார்த்தை. ‘ஈவன் பெட்டர்’ என்றால் முதலாவதும் நல்லதுதான், ரெண்டாவது அதற்கும் மேல். ‘மச் பெட்டர்’ என்றால் அப்படி இல்லை. முதலாவது மகா மட்டமாகவும் இருந்திருக்கலாம். ஒருத்தர் சமையலைப் பாராட்டப் போய் “டுடே யுவர் சாம்பார் இஸ் மச் பெட்டர்” என்றால் நேற்றுச் சாம்பார் வாயில் வைக்கமுடியவில்லை என்று சொன்ன மாதிரி ஆகலாம். ‘ஈவன் பெட்டர்’ என்றால் நேற்றும் காப்பாற்றப்படுகிறது. தமிழில் “இன்னிக்கு இன்னும் நல்லா இருக்கு” என்று சொல்கிறபோது நாம் செய்வது இதைத்தான். எந்த கைடிலும் இந்த வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. ‘மச், ஃபார், ஈவன் ஆகியவை கம்பாரட்டிவுக்கு முன் வரும்’ என்று ஒரே வரியில் மூன்றையும் கட்டிவைத்த நோட்ஸ்தான் என்னிடமே இருந்தது.

‘நோ பெட்டர்’, ‘எனி பெட்டர்’ ரெண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “இஸ் ஷீ எனி பெட்டர்?” என்றால் கொஞ்சமாவது தேவலையா என்று கேள்வி. ‘எனி’ கேள்வியிலும் மறுப்பிலும்தான் வரும். “ஷீ இஸ் நோ பெட்டர்” என்றால் ஒரு முன்னேற்றமும் இல்லை, அப்படியேதான் இருக்கிறார். அளவு பூஜ்யம். பூஜ்யத்துக்கும் அதே நாற்காலியில்தான் இடம். இப்படிப் பார்த்தால் ‘நோ’, ‘ஸ்லைட்லி’, ‘அ லிட்டில்’, ‘மச்’, ‘ஃபார்’ என்று ஒரு அளவுகோலே கிடைத்துவிடுகிறது.

பெயர்ச்சொல் பின்னால் வந்தால் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘மச் மோர் வாட்டர்’ சரி, ‘மச் மோர் ஸ்டூடண்ட்ஸ்’ சரியில்லை. எண்ணக்கூடியது என்றால் ‘மெனி மோர்’. படித்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான், வழுக்கி விழும் இடம் அது.

இப்போது வகுப்பில் பட்டியலைக் கடைசியில்தான் கொடுக்கிறேன். முதலில் ரெண்டு கடை விலைப்பட்டியல். ஒரு கடையில் தக்காளி 40 ரூபாய், இன்னொன்றில் 42. அடுத்து 40, 90. முதல் ஜோடிக்கு ஒரு வாக்கியம், ரெண்டாவது ஜோடிக்கு ஒரு வாக்கியம். முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன். “கொஞ்சம் ஜாஸ்தி”, “ரொம்ப ஜாஸ்தி”. ‘ரொம்ப’ வந்ததும் நிறுத்தி ‘எவ்வளவோ’ போட்டுப் பார்க்கச் சொல்வேன். போடமுடிந்தால் ‘வெரி’ கூடாது, ‘மச்’ அல்லது ‘ஃபார்’. நூற்றுக்கு நூறு பொருந்தும் சோதனை இல்லைதான். முதல் பத்து நாளைக்கு ஊன்றுகோல் மாதிரி.

சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “நல்லாத்தான் இருக்கு. ஆனா பரீட்சைல இதைக் கேக்கறதில்லையே சார்” என்றார். அவர் சொன்னது உண்மை. டிகிரி மாற்றச் சொல்லித்தான் கேட்பார்கள், எவ்வளவு பெரியது என்று கேட்கமாட்டார்கள். பரீட்சைக்கு வேண்டிய பிள்ளைகளுக்கு ‘நோ அதர்’, ‘வெரி ஃப்யூ’ சூத்திரத்தை நானும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மூன்று வாக்கியமும் ஒரே அர்த்தம் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் அடுத்த வகுப்பிலேயே தாளைத் திருப்பி வாங்கி, வட்டத்துக்குப் பக்கத்தில் ‘அ லிட்டில் பெட்டர் ஸ்டில்’ என்று எழுதிக்கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து வராந்தாவில் பார்த்தபோது, “அம்மாவுக்கு எப்படி இருக்கும்மா?” என்று தமிழில்தான் கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். “நோ பெட்டர் தேன் லாஸ்ட் வீக், சார். பட் நோ வர்ஸ்.”

‘டூ’ பற்றியும் இதோடு எழுத நினைத்தேன். ‘மச் டூ பிக்’, ‘ஃபார் டூ பிக்’ என்பதிலும் இதே நாற்காலிதான். ‘டூ குட்’ என்றால் நம் ஊரில் பாராட்டு, அங்கே பல இடத்தில் அளவுக்கு மிஞ்சியது. அதைத் தனியாக எழுதினால்தான் சரிவரும். விடைத்தாள் கட்டு ஒன்று காத்திருக்கிறது.